பாசாங் என்றால் போடு

அன்புள்ள சபீதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மலேசியாவில், யோங் பெங்கில் நானும் உன் தம்பியும் அவன் மகனும் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

நேற்று போனில் என் குரல் சரியில்லை என்றாயே, காரணம் சொல்கிறேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நம் உணவகத்தின் பின்சுவரில் ஏசியின் வெளிப்பெட்டியை மாட்ட ரூபேந்திரன் என்ற மெக்கானிக் வந்தார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார். சற்று நேரத்தில் தன் மலாய் உதவியாளரிடம் "பாசாங் லா" என்றார். லா இங்கே எல்லார் பேச்சிலும் சும்மா ஒட்டிக்கொள்ளும்; பாசாங் என்று போல்ட்டை மாட்டச் சொல்லியிருக்கிறார். ஆனால் இங்கே விளக்கைப் போடச் சொல்வதும் பாசாங்தான். நாம் 'சட்டையைப் போடு', 'லைட்டைப் போடு' என்கிறோமே, அது மாதிரி. எனக்கு லைட்டைப் போடும் பாசாங் மட்டும்தான் தெரியும். கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

"மாமா, கைய எடுங்க, அவரு வயரப் புடிச்சிருக்காரு" என்று உன் தம்பி மகன் அஹ்னாஃப் என்னை இழுத்தான்.

விஷயம் தெரிந்து ரூபேந்திரன் சிரித்தார். "மாஸ்டர், அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம் லா. அதுக்குள்ள மேல அனுப்பிடாதீங்க." பிறகு சுவிட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டார். ஏணியில் ஏறுமுன் சாவி இருக்கிறதா என்று பையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்.

ஏசி ஓடுகிறது. அஹ்னாஃப்தான் போடுகிறான், என் கை அந்தப் பக்கம் போக மறுக்கிறது. குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும், நீ இடிக்கும் சுக்குமல்லிப் பொடியும் அனுப்பு. போனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசு.

சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிட்டது. இன்று தொழுததும் ரூபேந்திரனுக்காகவும் துஆ செய்.

உன் நஜ்முதீன்