முகம் செதுக்காத பலகை

என் மருமகளே, எனக்கு அச்சுப் படம் சொல்லிக் கொடுத்த வாத்தியாரே, எஸ்தர் கண்ணு,

மாமா நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை எழுத மாட்டேன் என்கிறது.

மூன்றே நாள் காய்ச்சலில் நீ போனாய். அடுத்த ஞாயிறோடு ஒரு வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம் நீ வாடகைக்குப் பிடித்த அதே மாடி அறையில் உன் சனிக்கிழமை வகுப்பை விடாமல் நடத்துகிறேன். நாற்பது பேர் படிக்கிறார்கள், இடம் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்து செதுக்குகிறார்கள் என்று ராஜபாளையம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மறைப்பானேன்? ஏழு பேர். அதிலும் ஒருத்தர் ஃபேன் காற்றுக்காக வருகிறார்.

நான் எட்டாவதோடு நின்றவன். தளவாய்புரத்தில் நைட்டி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். "மாமா, உங்க கைக்கு லினோ பலகை வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுது" என்று நீ சொன்னாயே, அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் வருஷம் பூராவும் வாத்தியாராக ஓட்டினேன். மெஷின் கிடையாது. செதுக்கி மை தடவிய லினோ பலகைமேல் தாளைப் போட்டு, கரண்டி முதுகால் தேய்த்துப் படம் எடுக்கிறோம். நான் தேய்த்ததைப் பார்த்து ஒரு ஜெர்மன்காரர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்று ஒருநாள் வகுப்பில் சொன்னேன். மில்லில் ஷிப்டு முடித்து வருகிற தனலட்சுமி தலையைத் தூக்கவே இல்லை.

"ஜெர்மன்காரரா? போன வாரம் ஜப்பான்காரர்னு சொன்னீக."

"ரெண்டு பேரும் ஒரே கார்லதான் வந்தாக, தாயி."

ஏழு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு உன் அறையில் சத்தம் இருந்தது. அதற்காக இன்னும் பத்து நாட்டுக்காரர்களைக்கூட வரவழைத்திருப்பேன்.

ஆனால் உன் கடைசிப் பலகையிடம் என் வாய் செல்லவில்லை. என் அக்கா, உன் அம்மா, தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற படம். ஒரே பலகையைச் செதுக்கிச் செதுக்கி நிறம் நிறமாக அச்சிடுகிற முறை. மஞ்சள் முடித்தாய், சிவப்பு முடித்தாய். கறுப்புக்காக மெஷின், தோள், மடியில் கிடக்கும் துணி எல்லாம் செதுக்கிவிட்டாய். முகத்தை மட்டும் விட்டுவிட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தானே இருந்தேன்.

"அம்மா, செத்த நேரம் இந்தப் பக்கம் திரும்பி உக்காரேன்."

"போடி. இந்தக் கறுத்த மூஞ்சிய வெட்டி எந்தச் சுவத்துல மாட்டப் போற?"

"அப்ப நீ உக்காருற அன்னைக்கு வெட்டிக்கிடுதேன்" என்று சிரித்தாய்.

வருஷ ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு நீ செய்த அந்தப் படத்தைக் கொடுக்க வேண்டும் என்று அக்கா ஒரு மாதமாகக் கேட்கிறாள். தான் உட்காராததால்தான் படம் நின்றது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? படம் எப்போதோ முடிந்துவிட்டது, பிரேம் போட மதுரைக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். கண்ணாடிகூட வெளிநாட்டுக் கண்ணாடி என்றேன்.

இன்று வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு, மூச்சு வாங்கப் படியேறி அக்கா வந்து நின்றாள். எனக்குச் சொல்லாமலே பஸ் ஏறியிருக்கிறாள். மஞ்சளும் சிவப்புமாக நீ அச்சிட்டு வைத்த, முகமில்லாத பன்னிரண்டு தாளும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்குகின்றன.

"மதுரைக்குப் போயிருக்குன்னு சொன்ன?"

அவள் பலகையை எடுத்து விரலால் தடவினாள். மெஷினைத் தடவினாள், தோளைத் தடவினாள். முகத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"ஏலே, இங்க மட்டும் வழவழன்னு இருக்கே."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான் உக்காரலைன்னுதான விட்டுட்டா?"

இல்லை என்று சொல்ல ஆயிரம் கதை இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை, கண்ணு. அவள் அழுத அழுகையை இங்கே எழுதப் போவதில்லை. நான் எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் அது குறைவாகத்தான் இருக்கும்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வெட்டு."

"அக்கா, தப்பாப் போனா திருத்த முடியாது. இருக்கிறது இந்த ஒரு பலகைதான்."

"தெரியும்லே. வெட்டு."

இதோ, எதிரேதான் இருக்கிறாள். கத்தியை எடுத்தேன். கீழே வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். "முதல்ல பேப்பர்ல வரையுறியா?" என்று கேட்கிறாள். ஆமா என்றேன். அதுவும் பொய்.

அவள் கண்ணுக்குக் கீழே இப்போது ஒரு கோடு விழுந்திருக்கிறது. நீ அதைப் பார்த்ததில்லை. அது கறுப்பாக விழ வேண்டுமானால் அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் செதுக்க வேண்டும். நான் யாரைச் செதுக்க? நீ பார்த்த அம்மாவையா, நீ போன பிறகு மிஞ்சியிருக்கிற அம்மாவையா? என் கத்தி பட்டால் நீ விட்டுப்போன இடம் என்பதே இல்லாமல் போய்விடுமே, அதற்கு என்ன செய்ய? சொல்லித் தராமல் போய்விட்டாயே, வாத்தியாரே.

ஊரெல்லாம் கூட்டிக் கூட்டிச் சொன்ன மாமா உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அக்கா முகத்தில் இல்லாத சிரிப்பை வைக்க மாட்டேன். இருக்கிற கோட்டை எடுக்கவும் மாட்டேன். வெளிச்சம் இறங்குவதற்குள் கத்தியைக் கையில் எடுத்துவிடுவேன்.

உன்னிடம் படித்த ஒரே தாய்மாமன்,
செல்லத்துரை