கோடு கோணினால் கோணட்டும்

வான் பொய்யாது பொழிக, மலை குன்றாது நிற்க, குடிகள் வாழ்க. கருவேங்கை நாட்டின் அரியணைக்கு உரியவளும், அணையாத் தீக்குக் காவல் பூண்டவளுமாகிய கோப்பெருந்தேவி வானவை தம் கைப்பட எழுதிய திருமுகம்; மாடலூரில் நம் அரசுக் காரியம் தாங்கும் தலைமை அமைச்சர் அதியரையர் கண்டுகொள்க. உம் இல்லத்தார்க்கும் அவையோர்க்கும் நகரத்தார் அனைவர்க்கும் நம் வாழ்த்து உரித்தாகுக. ‘இங்கு யாவரும் நலம்’ என்று எழுதியே திருமுகம் தொடங்க வேண்டும் என்பதை நாம் மறந்தோமில்லை. அந்தச் சொல்லை மட்டும் பிடித்து வைத்திருக்கிறோம். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

நாம் உலைமலைக்கு வந்த காரணம் நீர் அறிந்ததே. உலைச்சுவரின் சூட்டை ஓயாது கோடாக வரைந்து காட்டும் கருவியை உலைகாப்போர்க்கு வாங்கித் தர வேண்டும், வந்திருந்தவை இரண்டு. அரண்மனைக் கம்மியர் வீரவிடங்கர் செய்த பொன்முலாம் கருவியையே கொள்க என்றீர். அதன் அழகில் மயங்கி நாமும் தலையசைத்தோம், அதை மறைப்பானேன்? மற்றொன்று, நாகதத்தன் என்னும் தச்சன் மூங்கிலும் செம்பும் கொண்டு கட்டியது. பார்ப்பதற்குக் கோழிக்கூடு போலிருக்கும். உலைத்தலைவி கொற்றியோ, அரண்மனைக் கூடத்தில் வைத்துப் பார்த்தால் கூடத்திற்கு ஏற்ற கருவிதான் தெரியும் என்றும், இரண்டையும் ஓர் உலையிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும் என்றும் விண்ணப்பித்தாள். அவ்வாறே நாம் வருவதற்குப் பல நாள் முன்பே பெரிய உலையில் இரண்டும் மாட்டப்பட்டன.

உலைகாப்போரின் வழக்கம் ஒன்றை நீர் அறிந்திருக்க மாட்டீர். சுவரில் பதித்த, சூடேற நீளும் செப்புக்கோலின் முனை இரண்டு சிவப்புக் குறிகளுக்கு நடுவே நிற்கும் வரையில், முறை முடிந்தவர் ‘நலம்’ என்று உரக்கக் கூவிவிட்டு இறங்குவார். அடுத்தவர் அந்தச் சொல்லைப் பெற்றுக்கொண்டு ஏறுவார். தம் முறை முடிந்ததும் அதையே கூவுவார். நாம் சென்றபோது கூவியவள் கொற்றி. கேட்க நமக்குச் செவி குளிர்ந்தது. அப்போது உலைக்கு அடியில் வார்ப்புக்குழியில், ஏரிமதகின் கதவுக்கான வார்ப்பு அச்சுக்குக் களிமண் பூசிக்கொண்டு பலர் இருந்தனர். கொற்றியின் தங்கை பூதியும் அவர்களுள் ஒருத்தி.

விடங்கரின் பட்டுத்துணியில் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியிருந்தது. நாகதத்தனின் கருவியிலோ, மெல்லச் சுருண்டுகொண்டே போகும் பருத்தித் துணியில், மேலே சுவர்ச்சூடு ஒரு கோடு, கீழே துருத்திக்காற்று ஒரு கோடு என இரண்டும் நெளிந்து கிடந்தன. நாம் வாய்விட்டுச் சிரித்தோம். அவன் சுருளைப் பின்னோக்கி விரித்தான்.

அதியரையரே, அங்கே கண்டதை எப்படி எழுதுவோம்! கழிந்துபோன நாட்கள் போகாமல் அந்தத் துணியிலேயே கிடந்தன. காற்று ஏறினால் சூடு ஏறியது. காற்று தணிந்தால் சூடும் தணிந்தது. உலை மூச்சு விடுவதை நாம் கண்ணால் கண்டோம். பின்னர் அண்மை நாட்களின் பக்கம் வந்தோம். அங்கே காற்றுக்கோடு அசையாதிருக்க, சூட்டுக்கோடு மட்டும் மெல்ல மெல்ல ஏறி வந்திருந்தது. எவ்விடத்தும் அது சிவப்புக் குறியைத் தாண்டவில்லை. கூவிய ஒவ்வொரு நலமும் மெய்யே. ஆயினும் ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்று மேலே நின்றது. கூவும் சொல்லில் அந்த ஏற்றம் எப்படிக் கேட்கும்? கோட்டின்மேல் நகர்ந்துகொண்டிருந்த கொற்றியின் விரல் பாதியில் நின்றது. காற்றுக் கூடாமல் சுவர் சுடுமாயின் உள்ளே செங்கல் கரைந்துவிட்டது, சுவர் எந்நேரமும் உடைந்து உருகிய உலோகம் குழியில் பாயும் என்றும், தன் தங்கை குழிக்குள் இருக்கிறாள் என்றும் அவள் அலறினாள்.

பெரிய உலையில் எரியும் அணையாத் தீயை அணைப்பவர் தலை தங்காது என்பது நம் முப்பாட்டனார் விதித்த ஆணை. நீர்க்குடங்கள் அருகில் இருந்தும் எவரும் தொடவில்லை. எல்லாரும் நம் முகத்தையே பார்த்தனர். அந்தத் தீ நம் முடியினும் மூத்தது. முதற்குடத்தை நாமே எடுத்து ஊற்றினோம். அதன் பிறகே மற்றவர் கை அசைந்தது. குழியில் இருந்தவர்கள் ஏறி வந்தனர். கைநிறையக் களிமண்ணோடு பூதி கடைசியாக வந்து, யார் தீயை அணைத்தது என்று சினந்து கேட்டாள். உலை ஆறியபின் சுவரைத் தட்டிய கொத்தனின் விரல் உள்ளே போயிற்று.

விடங்கரை அழைத்து வினவினோம். அரியணை முன் கோணல் கோடு வரலாகாது என்னும் அவை மரபுக்கு அஞ்சி, தூரிகையில் ஈயக்குண்டு கட்டி நெளிவை அடக்கியதாகவும், அதை நமக்குச் செய்யும் மரியாதை என்றே எண்ணியதாகவும் கூறி அவர் அழுதார். அவர்மீது சினங்கொள்ள நமக்கு உரிமையில்லை. நேர்கோடு கண்டு மகிழ்ந்து பழகியவர்கள் நாம்தானே.

ஆகவே ஆணை. நாகதத்தன் கருவியையே எல்லா உலைக்கும் கொள்க. விடங்கர் ஈயக்குண்டை அறுத்தெறிந்துவிட்டு அவனோடு கூடிச் செய்க. முறை மாறுவோர் சுருளை விரித்துப் பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்தே கூவுக. புதுத்தீயைக் கொற்றி மூட்டுக. அரியணை முன் கோணல் கூடாதென்ற மரபு இன்றோடு ஒழிந்தது. நீர் நமக்கு மாதந்தோறும் அனுப்பும் நாட்டு நிலவரமும் எத்துணை நேராக இருக்கிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது, நேரில் பேசுவோம்.

பிடித்து வைத்த சொல்லை எழுத இன்னும் மனம் வரவில்லை. இங்கு யாவரும் உயிரோடு இருக்கிறோம், அதை எழுதுகிறோம். வேங்கை முத்திரை இட்டோம், கண்டவுடன் செய்க. எழுத்து கோணிக் கிடப்பதைக் கண்டு, நேராகப் படியெடுத்துத் தருவதாக, நம் திருமுகங்கள் எழுதும் ஓலைநாயகம் வேண்டினார். கூடாதென்றோம். குடம் தூக்கிய கை இன்னும் நடுங்குகிறது. அந்த நடுக்கம் உம்மிடம் அப்படியே வந்து சேரட்டும்.