பியாட்றிஸ் ரீச்சர் பேசிய இடம்

பெப்ரவரி 7, வெள்ளி

செபநாயகம் ஐயா இன்றைக்கும் வந்தார். கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில், இந்த வெயிலுக்குள். எங்கள் திருச்சபை ஆவணக் காப்பகத்துக்கு வாராவாரம் வருகிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் ஞானஸ்நானப் பதிவு தேடி வருவார்கள், விசா அலுவல் முடிந்ததும் என்னை மறந்துவிடுவார்கள்.

அவர் கேட்பது ஒன்றே ஒன்று. எழுபத்தொன்பதாம் ஆண்டுப் பாடகர் குழு ஒத்திகை. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே பியாட்றிஸ் ரீச்சர் பேசுவா: "மிஸ்டர் செபநாயகம், சாப்பிடேக்கை திறக்கிற வாயைப் பாட்டுக்கும் ஒருக்காத் திறவுங்கோ!" எல்லாரும் சிரிப்பார்கள். அப்போது அவர்கள் இருவருக்கும் கலியாணம் ஆகவில்லை. ரீச்சர் காலமாகி மூன்று வருடம். அவ பேசுகிற குரல் வேறெங்கும் பதிவில் இல்லை.

ஐயா சிரித்தார், கண்ணைத் துடைத்தார், "வாறன் பிள்ளை" என்று போனார்.

பெப்ரவரி 10

பக்கத்துத் திருநெல்வேலிக்குப் போய், என் தோழி அருந்ததியின் நூலகத்தில் இருக்கும் எங்கள் நகலை மாற்றிவந்தேன். ஒரு நகல் இங்கே, ஒன்று போதகர் வீட்டில், ஒன்று அவளிடம். அவளுடைய நூலகத்து நகல் எங்களிடம். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கக்கூடாதென்று எங்கள் இருவருக்கும் ஒப்பந்தம். எரிந்தால் எரிந்ததுதான் என்று, நூலகம் எரிந்த இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புது டிஸ்க்கை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பழையதை அழித்து, அதில் அவளுடையதை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

புறப்பட முன் கோப்புகளின் சரிபார்ப்பு இலக்கங்களை ஒத்துப்பார்த்திருக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அதன் இலக்கம் மாறிவிடும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிறகு பார்க்கலாம்.

பெப்ரவரி 14, வெள்ளி

கடவுளே.

ஐயாவுக்குப் போட்டேன். முதற் பாட்டு முடிந்தது. உடனே அடுத்த பாட்டு. ரீச்சர் இல்லை. திரும்பப் போட்டேன். இல்லை. ஐயா என்னைப் பார்க்கிறார். "மெஷினிலை ஏதோ பிழை ஐயா, அடுத்த கிழமை வாங்கோ" என்று அனுப்பினேன்.

றொபின் அண்ணை. சவுண்ட் சேர்விஸ் வைத்திருப்பவர். கசற்றுகளையெல்லாம் கணினிக்கு மாற்றித் தந்ததும் அவர்தான், ஒரு சதம் வாங்காமல். குழுவின் நூற்றாண்டு விழாவுக்காகப் போன சனிக்கிழமை இங்கே வந்திருந்து வேலை செய்தார். போன் எடுத்துக் கேட்டேன்.

"இருமல், காகம், கதை பேச்சு எல்லாம் வெட்டி வடிவாக்கி விட்டனான் நிமலினி. வெளிநாட்டுச் சனம் கேக்கப்போகுது. கூட்டாத வீட்டுக்குள்ளை ஆக்களைக் கூப்பிடுறதே?"

"என்ன பேரிலை சேமிச்சனீங்கள்?"

"அதே பேரிலைதான். ஏன்?"

மூலத்தின் மேலேயே! அன்றிரவே போதகர் வீட்டு நகலும் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. மூண்டாவதை நானே மடியிலை வைச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான். மூண்டு இடத்திலையும் ஒரே பிழை, வலு பத்திரமாய். கசற்றும் இல்லை. முதல்தரம் ஓடவிட்டபோதே நாடா உரிந்து தூளாகக் கொட்டிவிட்டது.

ஆரை ஏசிறது? மூலக் கோப்பை ஒருத்தரும் தொடேலாமல் பூட்டி வைக்கோணும் எண்டு பயிற்சியிலை படிச்சனான். பூட்டினனானோ?

பெப்ரவரி 18

றொபின் அண்ணை வந்தார். முகம் கறுத்திருந்தது. தன்னிடமும் பழைய கோப்பு இல்லையாம். பிறகு போனை நீட்டினார்.

பியாட்றிஸ் ரீச்சர்! அதே வசனம், அதே "மிஸ்டர்". ஒத்திகையில் அவ பாட்டு எடுத்துக் கொடுத்த குரலைக் கணினிக்குக் கொடுத்து, அதை அவவைப்போல் பேசவைத்திருக்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஐயாவுக்குத் தெரியவராது. போட்டுவிடுவம். அந்த மனுசனை நினைச்சுப் பார்."

நினைக்காமலா? எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு மனுசனுக்கு அவருடைய வெள்ளிக்கிழமையைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன குற்றம்? ஆனால் இதை ஒருமுறை உள்ளே விட்டால், பிறகு இங்கே இருக்கிற எதைக் காட்டி "இது உண்மை" என்று சொல்வேன்?

பெப்ரவரி 20

சமைக்க மனமில்லை. பாணும் சம்பலும். நாளைக்கு வெள்ளி.

பெப்ரவரி 21, வெள்ளி

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். றொபின் அண்ணை பக்கத்தில் நின்றார். ஐயா கோபிக்கவில்லை. ரெண்டு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போனில் இருப்பதையும் சொன்னேன். "அது அவவில்லை ஐயா. கேக்க விருப்பமெண்டால் போடுறம்."

போனைக் கையால் விலக்கிவிட்டார்.

"வேண்டாம் பிள்ளை. உதை ஒருக்காக் கேட்டிட்டால், பிறகு என்ரை காதுக்குள்ளை கதைக்கிறது ஆரெண்டு எனக்கே தெரியாமல் போயிடும்."

றொபின் அண்ணை அந்த இடத்திலேயே அதை அழித்தார். பிறகு வெளியே போய், வேலியோரம் நின்று அழுதார்.

பெப்ரவரி 24

மூலக் கோப்புகளைப் பூட்டியாயிற்று. இனிப் புதியதைச் சரிபார்க்காமல் பழைய நகலை அழிப்பதில்லை. அருந்ததிக்குச் சொன்னேன். "ஐயோ, எங்கடையும் பூட்டாமல்தான் கிடக்கடி" என்று ஓடினாள்.

ஒத்திகைப் பதிவின் விவரத்தில் எழுதினேன்: "இரு பாட்டுகளுக்கும் இடையில் பியாட்றிஸ் ரீச்சரின் பேச்சு இருந்தது. எங்கள் கவனயீனத்தால் அழிந்தது." தொழில்நுட்பக் கோளாறு என்று போடலாமே என்றார் போதகர். போடவில்லை.

பெப்ரவரி 28, வெள்ளி

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். றொபின் அண்ணையையும் கையோடு கூட்டிவந்தார்.

"தம்பி, அவ கதைச்ச அந்த நேரத்தை மட்டும் சும்மா விட்டுத் தரேலுமே?"

மூலத்தைத் தொடாமல், தனி நகல் ஒன்றில், இரண்டு பாட்டுகளுக்கும் நடுவே வெறும் மௌனத்தை வைத்துக் கொடுத்தார் றொபின் அண்ணை. முதற் பாட்டு முடிந்தது. நான் மின்விசிறியை நிறுத்தினேன். ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார், கண்ணை மூடினார். உதடு மெல்ல அசைந்தது.

அடுத்த பாட்டுத் தொடங்க முன், சிரித்தார்.