இரண்டடி மேடு

நவ. 12, புதன்.
காலை முதல் தூறல். முதற்பணி: கடிதம்.

"பெருமதிப்பிற்குரிய திருமதி ஸ்டெல்லா அவர்களுக்கு, வணக்கம். நிகழ்ந்தது நிகழ்ந்து ஏழு நாள்கள் கழிந்த பின்னர் எழுதும் இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தங்கள் இல்லத்தினுள் மழைநீர் புகுந்தமைக்கு..."

அடுத்த சொல் 'நான்'. கை நகரவில்லை. அடுத்த வீடு, இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். வணக்கம் போட்டுத் தொடங்கும் உறவா இது?

உள்ளது உள்ளபடி, எனக்காக மட்டும்: சாலையை மீண்டும் மீண்டும் உயர்த்தினார்கள். எங்கள் செங்கல் வீட்டின் முற்றம் பள்ளமாயிற்று. சுற்றிலும் இரண்டடி மண் கொட்டித் தோட்டம் அமைக்கத் திட்டம் வரைந்தவள் நான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நூலகத்து நூல்களைக் கொண்டே வரைந்தாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன். கொரியன் புல், இட்லிப்பூ வரிசை, வாசலில் நந்தியாவட்டை. முன்பெல்லாம் இரு வீட்டு மழைநீரும் எங்கள் முற்றத்தில் நின்றுதான் வடியும். இனி எங்கே போகும்? அதை மட்டும் கணக்கிடவில்லை.

5ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். "பெருமழை. நம் முற்றத்தில் ஒரு துளியும் தேங்கவில்லை. வெற்றி." என் கையெழுத்து. அதே வேளையில் அடுத்த வீட்டில், பக்கவாதத்தில் கிடக்கும் ஸ்டெல்லாவின் கணவர் சாமுவேல் சாரைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தியிருக்கிறார்கள்.

நவ. 13, வியாழன்.
மூட்டம். பால் திரிந்தது. கொத்தனார் ஏழுமலையை வரவழைத்து, கொட்டிய மண்ணை அகற்ற வேண்டும் என்றேன்.

"அப்பவே சொன்னேனேம்மா, தண்ணி அந்த ஸ்டெல்லா டீச்சர் வூட்டுக்குத்தான் போவும்னு. நீங்க இன்னா சொன்னீங்க? 'நீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும், ஏழுமலை'ன்னு புக்குல கீற மாதிரியே பேசினீங்க. தோ, தேடிக்கினு போயிடுச்சு."

சிரித்தார். சிரிக்க முயன்றேன். மழைக்காலம் முடியும்வரை ஆட்கள் வரமாட்டார்களாம்.

என் கணவர்: "தெருவுல எல்லாருந்தான் ஏத்துறாங்க. அவங்களும் நாலு லோடு அடிச்சு ஏத்திக்கட்டும். நீ ஏன் டென்ஷனாகுற?"

வாசலை ஏற்றலாம். கூடத்தை எப்படி ஏற்றுவது?

நவ. 15, சனி.
சிறிது வெயில். வாங்க: பினாயில், மெழுகுவர்த்தி, கடிதத்தாள்.

இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் இருந்த சிறு கதவின் நினைவு. மண் உயர்ந்ததும் திறக்க இயலவில்லை. செங்கல் வைத்து அடைக்கச் செய்தேன். அன்று ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே: "அப்போ இனிமே உங்கிட்ட தோசை மாவு வாங்க ரோட்டைச் சுத்தித்தான் வரணுமா கோமதி?"

"அழகின் பொருட்டுச் சில இழப்புகள் தவிர்க்க இயலாதவை" என்றேன். இதே சொற்களில்.

நவ. 16, ஞாயிறு.
ஸ்டெல்லா வீட்டு வாசலில் வேன். குரோம்பேட்டைக்கு, மகன் ஃபிளாட்டுக்கு. முதலில் சார், நாற்காலியோடு தூக்கி. பிறகு அடி உப்பிய பீரோ. தாள்கள் விறைத்த வேதாகமம், அவள் மடியில்.

கேட்டருகே நின்றேன். ஸ்டெல்லா ஒரு கணம் நின்று எங்கள் முற்றத்தைப் பார்த்தாள்.

"புல்லு நல்லா வந்திருக்கு கோமதி."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நவ. 17, திங்கள்.
மீண்டும் காற்றழுத்தத் தாழ்வு என்கிறது செய்தி. நானே மண்வெட்டியோடு. புல்லைப் பாய் போலச் சுருட்டி ஓரத்தில் எறிந்தேன். பிற்பகல்வரை வெட்டியது ஒரு கட்டில் அளவு. மண் மூடியிருந்த உயரம்வரை செங்கற்சுவர் கறுத்து ஊறியிருக்கிறது. உள்ளங்கையில் கொப்புளம். கணவர் ஜன்னல் வழியே பார்த்தார்.

கதவை அடைத்த செங்கற்களில் நான்கைப் பெயர்த்தேன். அப்பால் அவள் வீட்டுப் பின்கட்டு. நீர் இன்னும் வடியவில்லை. அதில் சாருடைய செருப்பு ஒன்று.

அடுத்த மழைக்குள் முடியாது. முடிந்தாலும் அங்கே யாரும் இல்லை.

ஸ்டெல்லாவைக் கைபேசியில் ஆறு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. கடிதத்தின் முதல் வரைவைக் கிழித்தாயிற்று. அனுப்ப வேண்டியது:

"ஸ்டெல்லா, உன் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்னால். ஏழுமலை சொல்லியும் நான் கேட்கவில்லை. மண்ணை வெட்டிக்கொண்டிருக்கிறேன். நம் கதவை அடைத்த செங்கல்லையும் எடுக்கிறேன். சார் எப்படி இருக்கிறார்? சீக்கிரம் பதில் போடு."