எந்தப் பூச்சு என்று முடிவாகும் வரை

செப்டம்பர் 2

இன்றும் முடிவு செய்யவில்லை.

காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் போய்த் தங்குவதற்காக நானே கட்டிய டிரெய்லர், வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. சக்கரம், படுக்கை, அடுப்பு வைக்கும் மேடை எல்லாம் தயார். பிளைவுட் சுவர்களுக்கு வெளிப்புறம் எதைப் பூசுவது என்பது மட்டும் பாக்கி. பதினான்கு மாதமாகப் பாக்கி. எதிர்வீட்டுக்காரர் இதற்குள் அஸ்திவாரம் தோண்டி, இரண்டு மாடி எழுப்பி, குடிவந்து, சுவரின் நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றியும் விட்டார். அவசரக்காரர்.

மனைவி சாயங்காலம் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆறு மாத விடுப்பு அனுமதித்துவிட்டார்கள், அக்டோபர் முதல் தேதியிலிருந்து. கூடவே ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ் பதவியும் தருகிறார்களாம். பதவி என்றால் விடுப்பு ரத்து. பதினெட்டாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

"பதினெட்டுக்குள்ள வண்டி ரெடின்னா உங்க கூட வர்றேன். இல்லன்னா கையெழுத்துப் போட்டுடுவேன். சண்டை எல்லாம் இல்ல. தேதி சொல்றேன், அவ்வளவுதான்."

துண்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் விழுந்தன.

செப்டம்பர் 3

சண்டை இல்லை என்றாளே, அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 5

பலகைச் சோதனையின் முடிவைப் பார்க்கும் நாள். இது என் பெருமைக்குரிய திட்டம். எட்டுப் பிளைவுட் பலகைகள், ஏழில் ஏழு விதமான பூச்சு, எட்டாவதில் ஒன்றும் இல்லை. எண் எழுதி மொட்டைமாடிக் கம்பியில் மாட்டி ஆறு மாதம். வெயிலும் மழையும் ஏழைத் தின்னும், மிச்சமிருப்பது வெற்றி. நான் முடிவெடுக்க வேண்டியதில்லை, வானமே எடுத்துவிடும்.

எட்டும் புத்தம் புதிதாக இருந்தன. ஒன்றும் பூசாத எட்டாவது பலகைகூட. எனக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான்.

எங்களோடு இருக்கும் மாமனாரிடம் கேட்டேன்.

"மழை வந்தா நனைஞ்சிடாதா மாப்ளே? தூறல் விழுந்ததுமே எடுத்து உள்ள வெச்சிடுவேன். துடைச்சு, வெயில் வந்ததும் நீங்க மாட்டின அதே வரிசையில மாட்டிடுவேன். நம்பர் மாறவே இல்ல, பாருங்க."

"ஆறு மாசமுமா மாமா?"

"பல் டாக்டர்கிட்ட போன அன்னிக்கு ஒரு மணி நேரம் நனைஞ்சிடுச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க."

நினைத்துக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் ஒரு வேலையை எடுத்தால் தவறாமல் செய்கிறவர் அவர் ஒருவர்தான்.

செப்டம்பர் 6

பன்னிரண்டு நாள் இருக்கிறது, தகவல் ஒன்றும் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதியதை மறுபடி படித்தேன்.

வார்னிஷ்: அழகு. ஒரு கோடை வெயிலுக்கு மேல் தாங்காது. வீட்டுச் சுவர் பெயிண்ட்: கிளை உரசினால் தோலாக உரியும். அலுமினியத் தகடு: அதற்கும் மரத்துக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தட்டுமுட்டுக் கடை ஊர்வலம் போவதுபோலச் சத்தம் வேறு. கண்ணாடியிழைத் துணி: நல்லதுதான். பூசத் தெரிந்த கை வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் எதிராக எனக்கு இரண்டு பக்கம் எழுத வருகிறது. அச்சகங்களுக்குப் பிழை திருத்திப் பிழைக்கிறவன் நான். எல்லாவற்றிலும் பிழை தெரியும்.

செப்டம்பர் 8

லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரின் பட்டறைக்குப் போனேன். அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை.

"கல்லு தெறிக்குமா, கிளை உரசுமா?"

"ரெண்டும்."

"அப்போ லாரித் தொட்டிக்கு உள்ள பூசற ரப்பர் பூச்சுதான். சொரசொரன்னு இருக்கும், கீறல் தெரியாது. ஆனா பூசினா பூசினதுதான் சார், அப்புறம் உரிச்சு எடுக்க முடியாது."

"பின்னாடி எனக்குப் பிடிக்கலன்னா?"

"உங்களுக்குப் பிடிக்கறதுக்கா பூசறோம்? தண்ணி உள்ள போகாம இருக்கறதுக்குப் பூசறோம்."

சாம்பல் நிறம் சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நிமிடம். வீட்டில் சொன்னதும் மனைவி, "கூட யாரு வந்தாங்க?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 11

உப்புத்தாள். காலை முதல் மாலை வரை உப்புத்தாள். தோள்பட்டை என்னுடையதாகவே இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் கூரையும் முடிந்தன. மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரில் கையோட்டிப் பார்த்தாள். பாதையில் முதலில் எங்கே நிறுத்தலாம் என்று அவளாகவே கேட்டாள். ஏரிக்கரையில் என்றேன்.

செப்டம்பர் 14

பெயிண்டர் ஒரு சின்னக் கருவி கொண்டுவந்தார். இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று எண் காட்டும். பக்கச் சுவர்கள் பதினொன்று, பன்னிரண்டு. கூரை பன்னிரண்டு. பின்சுவரின் அடிப்பகுதி இருபத்து மூன்று.

தார்ப்பாய் அங்கே மடிந்து கிடந்திருக்கிறது. மடிப்பில் மழைத் தண்ணீர் தங்கி, மாதக்கணக்கில் மரம் குடித்திருக்கிறது. வண்டியைக் காப்பாற்ற நான் போட்ட தார்ப்பாய்.

"பதினாலுக்குக் கீழ வரணும் சார். இதுமேலயே பூசினா இப்போ ஜோரா இருக்கும். நாலு மாசத்துல கொப்புளம். ஆறாவது மாசம் கையை வெச்சு அழுத்தினா உள்ள போகும்."

"காய எத்தனை நாளாகும்?"

"வெயில் அடிச்சா பத்து."

இருப்பது நான்கு.

செப்டம்பர் 15

பேசாம பூசிடலாமா? அவ பார்க்கப்போறது பதினெட்டாம் தேதி. அன்னிக்கு ஜோராத்தான் இருக்கும். அவரே சொன்னாரே. நாலு மாசம் கழிச்சு எங்கேயோ காட்டுக்குள்ள கொப்புளம் வந்தா வரட்டும் — அப்போ அவ என் பக்கத்துல இருப்பா. இருப்பாளா? பதவியையும் விட்டுட்டு வந்து, ராத்திரி படுக்கைக்குப் பக்கத்துல சுவர் ஊறிப்போயிருக்கறதைப் பார்த்தா?

இல்லை. முடியாது.

செப்டம்பர் 16

காலை பதினொரு மணிக்கு ரம்பம் எடுத்தேன். காயும்வரை காத்திருக்க நாளில்லை, வெட்டி எறிய இருக்கிறது. பின்சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அறுத்தேன். பதினான்கு மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்த சுவர்.

மூன்று மணிக்கு அவள் வேலை முடிந்து வந்தாள். வாசலில் மரத்தூள், பின்சுவரில் ஓட்டை, கையில் ரம்பத்தோடு நான்.

"மறுபடியும் முதல்லேருந்தா?"

"இல்லம்மா, ஈரம். அடியில மட்டும். நாளைக்கே புது மரம் வெச்சு—"

"மரத்துல இருக்கற ஈரத்தை ஊசி குத்தி அளந்துடறீங்க."

உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போயிருக்க வேண்டும். பசை கலந்து வைத்திருந்தேன். அரை மணியில் இறுகிவிடும்.

செப்டம்பர் 17

புது மரம் பொருந்திவிட்டது. ஓரங்களை அடைத்தாகிவிட்டது. பிரைமர் காய்ந்ததும் முதல் பூச்சு. பெயிண்டர் ஒரு உருளை, நான் ஒரு உருளை. அவள் காலையில் என்னை எழுப்பாமலே போயிருந்தாள்.

செப்டம்பர் 18

இரண்டாவது பூச்சு பதினொரு மணிக்கு முடிந்தது. நான்கு மணிக்குத் தொட்டால் விரலில் ஒட்டவில்லை. வண்டி தயார். சொன்ன தேதியில்.

அவள் ஐந்து மணிக்கு வந்தாள். சுற்றி ஒருமுறை நடந்தாள். பின்சுவரில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். எங்கே வெட்டினேன், எங்கே சேர்த்தேன் என்று கண்டுபிடிக்க முடியாது.

"நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு, "நேத்து காலைலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

ஒரு நாள் பொறுத்திருக்கலாமே என்று என் வாய்வரை வந்தது. பதினான்கு மாதம் என்று அவள் வாயிலும் தயாராக இருந்தது தெரிந்தது. இருவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 19

பூச்சு நன்றாக இறுகிவிட்டது.

அக்டோபர் 1

புதுப் பதவியில் முதல் நாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

டிசம்பர் 11

அவளுக்கு நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. "வண்டியை இழுத்துட்டுப் போறதுலயே ஒண்ணரை நாள் போயிடும். நீங்க முன்னாடி போய் நிறுத்துங்க, நான் பஸ்ல வந்துடறேன்" என்றாள். நேற்றுக் கற்பாதையில் முப்பது கிலோமீட்டர் வந்து ஏரிக்கரையில் நிறுத்தினேன். இரவெல்லாம் மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

பேருந்து ஒன்பதே முக்காலுக்கு. ஏழு மணிக்கே நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். இங்கே எனக்குச் செய்ய எந்த வேலையும் இல்லை. உட்கார்ந்திருக்கிறேன்.