கயிற்றின் மறுமுனை

1974 மாசி, செவ்வாய் இரவு.

என் வீட்டுக்காரர் இவருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை, தனக்குத்தானே பேச்சு. இன்று மாலை கழுத்தளவு கடலில் போய் நின்றுகொண்டார். நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. யாரோ சொல்லிப் போலீசும் தீயணைப்பு வண்டியும் வந்தன. வண்டியின் மணிச் சத்தத்துக்கு இவர் இன்னும் உள்ளே நகர்ந்தார். "ஏலே, வெளிய வாரியா, அடிச்சு இழுக்கட்டா?" என்று ஏட்டு லத்தியை ஆட்டினார். அவர்கள் வீசிய கயிற்றை இவர் தூர எறிந்தார்.

அப்புறம் என் அண்ணன் வந்தார். இவர் சங்கு குளிக்க மூழ்கும்போது படகில் கயிறு பிடிப்பவர் அவர்தான். அதே கயிற்றோடு தண்ணீரில் இறங்கி, "மாப்ள, கட்டிக்கிடும். நான் பிடிச்சிருக்கேன்" என்றார். இவரும் இடுப்பில் கட்டிக்கொண்டு கரையேறிவிட்டார்.

ஊரே மாதாவுக்கு நன்றி சொல்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. பத்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள் நான்.

வீட்டுக்கு வந்தும் கயிற்றை அவிழ்க்க விடவில்லை. அண்ணன் சாப்பிட எழுந்தபோது அவர் பிடித்திருந்த மறுமுனையை நான் வாங்கிக்கொண்டேன். கண்ணை மூடிக் கிடந்தவர் கேட்டார்: "மச்சான், கயிறு யாரு கையில?"

"என் கையிலதான்" என்றேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் எச்சில் கையோடு ஓடிவந்து முனையை வாங்கினார். சற்று நேரத்தில் இவர் குறட்டை விட ஆரம்பித்தார்.