நீங்கள் பார்த்தது தாப்பிர்க் குட்டி, மச்சான்

மச்சான்,

இன்று காலை உங்கள் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு நகரத்துப் பூங்காவுக்குப் போயிருந்தேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போனது இதுதான் முதல் தடவை. தாப்பிர் என்கிற காட்டு மிருகம் இருக்கும் வேலியருகே ஈர வைக்கோல் நாற்றம் குப்பென்று அடித்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் படுத்திருந்த பெரிய தாப்பிருக்குப் பின்னாலிருந்து ஒன்று எழுந்து வந்தது. பழுப்பு உடம்பு, நீள நீளமாக வெள்ளைக் கோடு, நடுநடுவே புள்ளி, குட்டித் தும்பிக்கை மாதிரி மூக்கு. வேலியை ஒட்டிக் குனிந்து பார்த்தேன்.

"குட்டி பொறக்குறப்ப இப்படித்தான் இருக்கும் அங்கிள். ஆறேழு மாசத்துல அம்மா மாதிரி மாறிரும்" என்றாள், தீனி வைக்க வந்த பெண்.

கரங்கான் பக்கம் நீங்கள் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய காலம் நினைவுக்கு வந்தது. ஒருநாள் விடியற்காலையில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றீர்கள். "மாப்ள, லோரிக்குக் குறுக்க ஒண்ணு வந்துச்சு. தர்பூசணிக்குத் தும்பிக்கை மொளச்ச மாதிரி இருந்துச்சுலா!" நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "நேத்து ஏத்துனது இன்னும் எறங்கலையா மச்சான்?" என்றேன். நீங்கள் குடிக்கவே மாட்டீர்கள். அது எனக்குத் தெரியாதா என்ன?

தர்பூசணி என்று உங்களுக்குப் பெயர் வைத்த புண்ணியவான் நான்தான். கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், எங்கே போனாலும் அந்தப் பெயர் உங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. நீங்கள் எதைச் சொன்னாலும், "இது நெசமா, தர்பூசணிக் கதையா?" என்று கேட்டார்கள். உங்கள் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போனது. நீங்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டீர்கள்.

"வாங்க மாப்ள, அங்க இருக்கான்னு பாத்துருவோம்" என்று நீங்கள்தான் அப்புறம் ஒருநாள் இதே பூங்காவுக்கு என்னை இழுத்துப் போனீர்கள். ஒரே டிக்கெட்டில் மீன், மரம், மிருகம் எல்லாம் பார்க்கலாம். மீன் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. பலகையில் ஏழு மீன் போட்டிருந்தது, உள்ளே ஆறுதான் தெரிந்தது. "ஏழாவது எங்க?" எனக்கோ பசி. கடைசியில் மணலுக்குள் புதைந்திருந்த திருக்கையின் கண் இரண்டையும் கண்டுபிடித்த பிறகுதான் வந்தீர்கள். தாவரப் பூங்காவிலும் அதே கூத்து. ஒரு பெயர்ப் பலகையை விடவில்லை. கட்டிக்கொண்டு போன நாசி லெமாக் ஆறிப்போனது.

பிறகு இந்த வேலிக்கு வந்தோம். அன்றைக்குப் பெரிய தாப்பிர் மட்டும்தான் இருந்தது. மூக்கைப் பார்த்ததும் நான், "இதான் மச்சான்! இருட்டுல கோடு கோடா தெரிஞ்சிருக்கும். இதான்னு சொல்லிருங்க, நானே எல்லார்கிட்டயும் சொல்லி வெவகாரத்தை முடிச்சிடுறேன்" என்றேன்.

நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். தலையாட்டியிருந்தால் போதும், அந்தப் பெயர் அன்றோடு ஒழிந்திருக்கும். "மூக்கு இதான் மாப்ள. ஆனா நான் பாத்தது இது இல்ல" என்றீர்கள்.

அதையும் நான் சும்மா விட்டேனா? "மிருகக்காட்சிசாலையிலயே கெடைக்கலையாம்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது மச்சான். இன்று உங்கள் தங்கச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கண்ணன் பொய் சொல்லலைங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

இனி பார்க்கிற ஆளிடமெல்லாம் நீங்கள் பார்த்தது உண்மை என்று சொல்லப் போகிறேன். ஆனால் அதோடு என் மனசு ஆறவில்லை. லோரி வெளிச்சத்தில் அது நின்றதா, ஓடியதா? பின்னால் தாய் வந்ததா? விசில் மாதிரி கத்துமாம், அந்தப் பெண் சொன்னாள். உங்கள் காதில் விழுந்ததா? எத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்! இதில் ஒன்றைக் கேட்டிருந்தால் மணிக்கணக்காகச் சொல்லியிருப்பீர்கள். நான் கேட்கவே இல்லையே, மச்சான்.